மளிகைக் கடைப் பையன் தோண்டிய டிராய் நகரம்

காவியத்தில் வரும் ஊரை நிஜ ஊர் என்று நம்பி, கடப்பாரையும் மண்வெட்டியுமாக அதைத் தேடிப் புறப்பட்ட மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர் அல்ல. மளிகைக் கடையில் மீன் நிறுத்துக் கொடுத்தவர். ஆபீசில் தபால் சுமந்தவர். குமாஸ்தாவாக இருந்து கோடீஸ்வரர் ஆனவர். பெயர் ஹெய்ன்ரிக் ஷ்லீமன். ஜெர்மானியர்.

நம் ஊர்களில் பாரதக் கதை எப்படியோ, அப்படிக் கிரேக்க நாட்டில் டிராய் போர்க் கதை. டிராய் நகரத்து இளவரசன் பாரிஸ், கிரேக்க அரசன் ஒருவனின் மனைவியான ஹெலனைக் கொண்டு போய்விடுகிறான். அவளை மீட்க அகமெம்னன் என்ற பேரரசன் தலைமையில் கிரேக்கர்கள் கப்பல் ஏறி வருகிறார்கள். பத்து ஆண்டுகள் முற்றுகை. முடிவில் டிராய் எரிந்து சாம்பலாகிறது. அதன் கிழட்டு மன்னன் பிரியாம் கொல்லப்படுகிறான். இந்தப் போரைப் பாடியதுதான் ஹோமர் எழுதியதாகச் சொல்லப்படும் இலியட் காவியம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், படித்தவர்களில் பலர் இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஷ்லீமன் ஒதுக்கவில்லை.

கடைப் பையன்

1822-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி வட ஜெர்மனியில் மெக்லன்பர்க் பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். நடத்தை சரியில்லாத மனிதர். வீட்டு வேலைக்காரியோடு அவருக்கு இருந்த தொடர்பு ஊர் முழுவதும் சிரிப்பாய்ச் சிரித்தது. 1831-ல் தாய் இறந்தாள். ஷ்லீமனுக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். படிப்புக்குப் பணம் இல்லை. பதினான்கு வயதில் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

காலை 5 மணிக்குக் கடை திறக்க வேண்டும். இரவு 11 மணி வரை வேலை. உப்பு மீன், வெண்ணெய், உப்பு, காப்பி, சர்க்கரை, விளக்கெண்ணெய், மெழுகுவத்தி எல்லாம் நிறுத்துக் கொடுக்க வேண்டும். கடை கூட்ட வேண்டும். ஐந்தரை ஆண்டு இப்படி ஓடியது. ஒரு நாள் கனமான பீப்பாயைத் தூக்கியதில் நெஞ்சில் அடிபட்டு ரத்தம் கக்கினார். வேலை போயிற்று.

துறைமுகத்துக்குப் போய், தென் அமெரிக்காவுக்குக் கிளம்பிய கப்பலில் எடுபிடிப் பையனாக ஏறினார். 1841 டிசம்பரில் ஹாலந்துக் கரை அருகே அந்தக் கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. உயிர் மட்டும் மிஞ்சியது. அப்படித்தான் அவர் ஆம்ஸ்டர்டாம் நகரம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு வியாபாரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. உண்டியல்களுக்கு முத்திரை போடுவது, பணம் வாங்கி வருவது, தபால் ஆபீசுக்குக் கடிதம் சுமப்பது. ஆண்டுச் சம்பளம் 800 பிராங்க். அதில் பாதியைப் படிப்புக்குச் செலவழித்தார். மீதிப் பாதியில் வாழ்க்கை. கூரைக்கு அடியில் ஓர் அறை. குளிர் காலத்தில் நடுக்கம், கோடையில் வேக்காடு. காலையில் கம்பு மாதிரியான ஒரு தானியத்தின் கஞ்சி.

மொழிகளை அவர் படித்த விதம் வேடிக்கையானது. மொழிபெயர்த்துப் பார்க்கவே மாட்டார். வாய்விட்டுப் படிப்பார். தினம் ஒரு மணி நேரம் பாடம். தமக்குப் பிடித்த விஷயங்களைப் பற்றி அந்த மொழியிலேயே எழுதி, வாத்தியாரிடம் திருத்தி வாங்கி, மறுநாள் மனப்பாடமாக ஒப்பிப்பார். தபால் ஆபீசில் வரிசையில் நிற்கும்போதும் கையில் புத்தகம் இருக்கும். உச்சரிப்புக்காக ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் ஆங்கிலேயர் தேவாலயத்துக்குப் போய், பாதிரியார் பேசும் ஒவ்வொரு சொல்லையும் மெல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆறு மாதத்தில் ஆங்கிலம். அடுத்த ஆறு மாதத்தில் பிரெஞ்சு. பிறகு டச்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீஸ்.

ருஷ்ய மொழிக்கு வாத்தியார் கிடைக்கவில்லை. யாராவது எதிரில் உட்கார்ந்து கேட்டால்தான் தமக்குப் படிப்பு ஏறும் என்று நினைத்தார். ஓர் ஏழை யூதரை வாரம் 4 பிராங்க் சம்பளத்துக்கு அமர்த்தினார். அவர் தினமும் மாலையில் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஷ்லீமன் ஒப்பிப்பதைக் கேட்பார். அவருக்கு ருஷ்ய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது! மாடி வீடுகளில் மரத் தளம் என்பதால் சத்தம் மேலும் கீழும் கேட்கும். குடியிருப்போர் புகார் செய்து, இரண்டு முறை அறை மாற வேண்டி வந்தது. ஆனால் ஆறு வாரத்தில் ருஷ்ய மொழியில் வியாபாரக் கடிதம் எழுதினார்.

இவை எல்லாம் அவரே பின்னாளில் எழுதி வைத்தவை. கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனாலும் அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்புகள் பல மொழிகளில் இருக்கின்றன. எந்த நாட்டில் இருந்தாரோ அந்த நாட்டு மொழியில் எழுதுவது அவர் வழக்கம்.

அவுரியில் கிடைத்த செல்வம்

1844-ல் ஷ்ரோடர் என்ற பெரிய கம்பெனியில் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ருஷ்ய மொழி தெரிந்ததால் 1846-ல் கம்பெனியின் ஏஜெண்டாக ருஷ்யத் தலைநகர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். விரைவில் சொந்த வியாபாரம். முக்கியச் சரக்கு அவுரி நீலம். இந்தியாவில் விவசாயிகளைக் கசக்கிப் பிழிந்து விளைவித்த அவுரிதான் அந்தக் காலத்தில் உலகச் சந்தையை நிரப்பியது. ஷ்லீமன் பெட்டியில் சேர்ந்த பணத்தில் நம் நாட்டு வயல்களின் பங்கும் இருந்தது.

தங்கக் காய்ச்சல் அடித்த நேரத்தில் கலிபோர்னியாவுக்குப் போய் தங்கத் தூள் வாங்கி விற்று லாபம் பார்த்தார். கிரிமியப் போரின்போது வெடியுப்பு வியாபாரம் செய்தார். நாற்பது வயதைத் தாண்டியதும் இனிச் சம்பாதிக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்துவிட்டது.

1864-ல் உலகம் சுற்றக் கிளம்பினார். இலங்கை வழியாகச் சென்னைக்கு வந்தார். கல்கத்தா, காசி, ஆக்ரா, லக்னோ, டெல்லி, இமயமலை என்று பார்த்துவிட்டுச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போனார். பிறகு பாரிசில் தங்கிப் படிக்க ஆரம்பித்தார். கிரேக்க மொழியை ஏற்கெனவே 1856-ல் கற்று முடித்திருந்தார்.

சிறு வயதில் ஒரு படப் புத்தகத்தில் டிராய் நகரம் எரியும் படத்தைப் பார்த்த அன்றே, ஒரு நாள் இதைத் தோண்டுவேன் என்று சபதம் செய்ததாக அவர் எழுதியிருக்கிறார். நெஞ்சை உருக்கும் கதைதான். ஆனால் 1868-க்கு முன் அவர் எழுதிய எந்தக் கடிதத்திலும் இந்தச் சபதத்தின் சுவடு இல்லை என்று 1970-களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டி வருகிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை, ருஷ்ய மனைவியிடமிருந்து விவாகரத்து ஆகிய விஷயங்களிலும் அவர் சொன்னதற்கும் பதிவேடுகளுக்கும் பொருந்தவில்லை. ஷ்லீமனுக்கு உண்மை போதாத இடத்தில் ஒரு பிடி கற்பனை சேர்க்கும் பழக்கம் இருந்தது.

மலையைக் காட்டியவர்

1868-ல் கிரீசையும் துருக்கியையும் சுற்றிப் பார்த்தபோது, டிராய் இருந்த இடம் எது என்று அவருக்கே நிச்சயம் இல்லை. மற்றவர்கள் சொன்ன வேறொரு மலையில்தான் முதலில் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஊர் திரும்பக் கப்பலைப் பிடிக்கப் போனபோது கப்பல் தவறிவிட்டது. அந்த இடைவேளையில்தான் பிராங்க் கால்வெர்ட் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார்.

கால்வெர்ட் குடும்பம் அந்தப் பகுதியில் பல காலமாக வாழ்ந்தது. ஹிஸ்ஸார்லிக் என்ற மேட்டின் ஒரு பகுதி அவருக்கே சொந்தம். இதுதான் டிராய் என்று அவர் முடிவு செய்து, கைப்பணம் போட்டுச் சிறிய அளவில் தோண்டியும் பார்த்திருந்தார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திடம் உதவி கேட்டார். கிடைக்கவில்லை. இடம் தெரிந்தவரிடம் பணம் இல்லை. பணம் இருந்தவருக்கு இடம் தெரியவில்லை. கால்வெர்ட் தமக்குத் தெரிந்ததை எல்லாம் ஷ்லீமனிடம் சொன்னார். எப்போது வேலை தொடங்கலாம், என்ன கருவி வேண்டும், குல்லாய் கொண்டு வர வேண்டுமா என்பது வரை ஷ்லீமன் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பிறகு டிராயைக் கண்டுபிடித்தது தாம் மட்டுமே என்று உலகத்துக்கு அறிவித்தார். பல தலைமுறைக்குக் கால்வெர்ட் பெயர் அடிக்குறிப்பில்தான் இருந்தது.

இதற்கிடையே 1869-ல் ஏதென்ஸ் நகரத்துப் பெண் சோபியாவை மணந்தார். அவருக்கு 47 வயது. சோபியாவுக்கு 17. ஹோமர் காவியத்தில் ஆர்வம் உள்ள கிரேக்கப் பெண் வேண்டும் என்று பாதிரியார் ஒருவருக்கு எழுதி, புகைப்படம் பார்த்துச் செய்த கல்யாணம்.

50 அடிப் பள்ளம்

1871 முதல் 1873 வரை ஹிஸ்ஸார்லிக்கில் முழு வேகத்தில் வேலை நடந்தது. நூறு, நூற்றைம்பது ஆட்கள். தள்ளுவண்டிகள், கடப்பாரைகள், மண்வெட்டிகள் எல்லாம் இறக்குமதி. குளிரில் அறைக்குள் வைத்த தண்ணீர் உறைந்தது. கோடையில் மலேரியா. ஷ்லீமன் கொயினாவை விழுங்கிக்கொண்டு வேலை வாங்கினார்.

அந்த மேடு ஒரே ஊர் அல்ல. ஓர் ஊர் அழிந்து, அதன் மண்மேல் இன்னோர் ஊர், அதன்மேல் இன்னொன்று என்று ஒன்பது அடுக்கு. ஹோமர் பாடிய டிராய் மிகப் பழையது, ஆகவே அடியில்தான் இருக்கும் என்று ஷ்லீமன் கணக்குப் போட்டார். மேட்டை நடுவே பிளந்து சுமார் 50 அடி ஆழத்துக்குப் பெரிய பள்ளம் வெட்டினார். வழியில் வந்த சுவர்கள் பிந்திய காலத்தவை என்று தோன்றினால் இடித்து அப்புறப்படுத்தினார். கால்வெர்ட் இதைக் கண்டித்தார். கிடைத்த பொருள்களில் ஆயிரம் ஆண்டு இடைவெளி தெரிகிறது, டிராய் போர்க் காலத்துப் பொருளையே காணோம் என்று 1873-ல் பத்திரிகையில் எழுதினார். ஷ்லீமன் சீறினார். நட்பு முறிந்தது.

அதே ஆண்டு மே மாதக் கடைசியில் புதையல் அகப்பட்டது. அடியிலிருந்து இரண்டாவது அடுக்கில், எரிந்துபோன கோட்டைச் சுவர் ஓரம். தங்க மகுடங்கள், காதணிகள், தங்கக் கிண்ணங்கள், வெள்ளிச் சாடிகள், செம்பு ஆயுதங்கள், ஆயிரக்கணக்கான தங்க மணிகள். ஆட்களுக்குத் தெரியாமல் இருக்க அவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தாமே கத்தியால் தோண்டியதாகவும், சோபியா அவற்றைச் சால்வையில் கட்டித் தூக்கிப் போனதாகவும் ஷ்லீமன் எழுதினார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை வெளியிட்டன. ஆனால் சோபியா அப்போது ஏதென்சில் இருந்தார். தந்தை இறந்த துக்கத்துக்குப் போயிருந்தார். மனைவிக்கும் பெயர் கிடைக்கட்டும் என்றுதான் சேர்த்தேன் என்று பின்னால் ஷ்லீமனே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

பிரியாம் மன்னனின் புதையல் என்று அதற்குப் பெயர் வைத்தார். சோபியாவுக்கு அந்த மகுடத்தைச் சூட்டிப் படம் எடுத்தார். துருக்கி அரசுடன் செய்த ஒப்பந்தப்படி பாதி அவர்களுக்குச் சேர வேண்டும். ஷ்லீமன் ஒரு குன்றிமணியும் கொடுக்காமல் அத்தனையையும் ரகசியமாகக் கடத்திவிட்டார். துருக்கி ஏதென்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 10,000 பிராங்க் கட்டும்படி தீர்ப்பு. அவர் 50,000 பிராங்க் கட்டிச் சமாதானம் செய்துகொண்டார். பின்னாளில் மறுபடி தோண்ட அனுமதி வேண்டும் என்பதற்கான முன்யோசனை அது.

1881-ல் புதையலை ஜெர்மன் மக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 1945-ல் பெர்லின் வீழ்ந்தபோது ருஷ்யப் படை அதை எடுத்துப் போனது. சுமார் ஐம்பது ஆண்டு எங்கே இருக்கிறது என்றே வெளியில் சொல்லவில்லை. 1993-ல் ருஷ்யா ஒப்புக்கொண்டது. 1996-ல் மாஸ்கோ புஷ்கின் மியூசியத்தில் காட்சிக்கு வந்தது.

தங்க முகமூடி

1876-ல் கிரீசில் மைசினி என்ற பழைய கோட்டையில் ஷ்லீமன் இறங்கினார். அகமெம்னனின் தலைநகரம் என்று கதை சொல்லும் ஊர். அகமெம்னனும் அவனோடு கொலையுண்டவர்களும் மதிலுக்கு உள்ளே புதைக்கப்பட்டார்கள் என்று கி.பி. 2-ம் நூற்றாண்டில் பாசானியாஸ் என்ற யாத்திரிகர் எழுதி வைத்திருந்தார். பண்டிதர்கள் அதை வெளி மதில் என்று கொண்டார்கள். ஷ்லீமன் கோட்டை மதில் என்று கொண்டு, சிங்க வாசலுக்கு உள்ளே தோண்டினார். அவர் சொன்னதே சரியாகப் போயிற்று.

பாறையில் ஆழமாக வெட்டிய ஐந்து கல்லறைகள் கிடைத்தன. பிணங்கள்மேல் தங்கம் கொட்டிக் கிடந்தது. ஆண்கள் சிலர் முகத்தில் தங்கத் தகட்டு முகமூடி. இரண்டு குழந்தைகளின் உடலைத் தங்கத் தகட்டால் சுற்றியிருந்தார்கள். இந்த முறை கிரேக்க அரசு ஏமாறவில்லை. ஸ்டமட்டாக்கிஸ் என்ற அதிகாரியைக் கண்காணிப்புக்குப் போட்டது. ஷ்லீமன் சுவரை இடிக்கச் சொல்வார், அதிகாரி தடுப்பார். இருவருக்கும் ஓயாத சண்டை. தூக்கம் கெட்டுக் காவல் காத்த அந்த அதிகாரியின் பிடிவாதத்தால்தான் அங்கே பல சுவர்கள் தப்பின. எல்லாத் தங்கமும் ஏதென்ஸ் மியூசியத்துக்குப் போயிற்று. ஆறாவது கல்லறையை மறு ஆண்டு கண்டுபிடித்தவரும் அவரே.

அகமெம்னன் கல்லறையைக் கண்டுவிட்டதாக ஷ்லீமன் கிரேக்க மன்னருக்குத் தந்தி அடித்தார். உண்மையில் அவை டிராய் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு முந்நூறு ஆண்டுக்கும் மேல் முந்தியவை. ஆனாலும் அகமெம்னன் முகமூடி என்ற பெயர் இன்று வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே 1876-ல்தான் பெர்லினிலிருந்து டாக்டர் ஜாகர் என்பவர் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் தோண்டினார். முதுமக்கள் தாழிகளில் கிடைத்த பொருள்களை ஜெர்மனிக்குக் கொண்டு போனார். 1899 முதல் அங்கே தோண்டிய அலெக்சாண்டர் ரீக்கு மெல்லிய தங்க நெற்றிப் பட்டங்கள் கிடைத்தன. மைசினிக் கல்லறைகளிலும் தங்க நெற்றிப் பட்டங்கள் உண்டு. அதற்காக இரண்டு ஊருக்கும் உறவு கட்டிவிடக் கூடாது. அப்படி அவசரமாக உறவு கட்டியதுதான் ஷ்லீமன் செய்த தவறு.

கடைசி ஆண்டு

ஏதென்சில் அரண்மனை போல் வீடு கட்டினார். மகளுக்கு ஆண்ட்ரோமகி, மகனுக்கு அகமெம்னன் என்று பெயர். வேலைக்காரர்களையும் காவியப் பெயர்களால்தான் கூப்பிடுவார். 1882-ல் டோர்ப்ஃபெல்ட் என்ற இளம் கட்டிடக்கலை நிபுணரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். அவர் வந்த பிறகுதான் மண் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறை டிராயில் நிலைத்தது. ஷ்லீமனும் நிதானமாகத் தோண்டக் கற்றுக்கொண்டார். அறுபது வயதில் ஒரு மனிதர் தம் வேலை முறையை மாற்றிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

இந்த நேரத்தில் பாட்டிக்கர் என்ற ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி, ஹிஸ்ஸார்லிக் ஊரே அல்ல, பிணம் எரித்த சுடுகாடு என்று எழுதித் தள்ளினார். அதை முறியடிக்க ஷ்லீமன் 1889-லும் 1890-லும் நிபுணர்களைத் தம் செலவில் அந்த மேட்டுக்கே அழைத்து வந்து காட்டினார். அவர்கள் ஷ்லீமன் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். வழக்கில் ஜெயித்த அதே 1890-ம் ஆண்டுதான் அவர் தோற்ற ஆண்டும்.

பழைய பள்ளத்தில் இல்லாமல், இரண்டாம் அடுக்குக் கோட்டை மதிலுக்கு வெளியே அந்த ஆண்டு தோண்டினார்கள். ஆறாவது அடுக்கில் பெரிய கட்டிடம் ஒன்று தென்பட்டது. அதில் கிடந்த பானைச் சில்லுகள் மைசினியில் கிடைத்த அதே வகை. சில்லு சின்னதுதான். அது சொன்ன செய்தி பெரியது. மைசினி அரசர்கள் வாழ்ந்த காலமும் ஆறாவது அடுக்கின் காலமும் ஒன்று என்றால், அகமெம்னன் படையெடுத்து வந்த டிராய் அந்த அடுக்கில், அல்லது அதற்கு மேல்தான் இருக்க வேண்டும். ஷ்லீமன் பிரியாமின் நகரம் என்று பல ஆண்டாக உலகத்துக்குக் காட்டி வந்த இரண்டாம் அடுக்கு, அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தியது. அந்த மகுடம் பிரியாம் வீட்டுப் பெண்கள் அணிந்தது அல்ல. கால்வெர்ட் 1873-லேயே சொன்னது சரி.

மேட்டின் நடுவில் இருந்த ஆறாம் அடுக்கில் பெரும் பகுதியைப் பிற்காலத்துக் கிரேக்கர்களும் ரோமர்களும் கோயில் கட்டச் சமப்படுத்தியபோதே சீவி எறிந்திருந்தார்கள். மிஞ்சியிருந்ததில் ஒரு பகுதி, 1872-ல் தள்ளுவண்டியில் ஏறி மேட்டுக்குக் கீழே போய்விட்டது. தேடி வந்ததையே ஷ்லீமன் குப்பை என்று கொட்டியிருந்தார்.

அந்தச் சில்லுகளைப் பார்த்த பிறகு அவர் சில நாள் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை என்று சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு மதிலுக்கு வெளியே முழுமையாகத் தோண்டுவது என்று திட்டம் போட்டார். காது வலி நீண்ட காலமாக இருந்தது. நவம்பரில் ஜெர்மனியில் ஹாலே நகரில் ஆபரேஷன் செய்துகொண்டார். காயம் ஆறும் முன்பே கிளம்பி, பெர்லின், பாரிஸ் என்று சுற்றி இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரம் வந்தார். ஏதென்சில் மனைவியும் பிள்ளைகளும் பண்டிகைக்குக் காத்திருந்தார்கள்.

1890 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். நேப்பிள்ஸ் தெருவில் ஷ்லீமன் சுருண்டு விழுந்தார். நினைவு இருந்தது, பேச்சு வரவில்லை. பல மொழிகள் பேசிய வாயில் ஒரு சொல் இல்லை. அடையாளம் சொல்ல ஒரு காகிதமும் இல்லை. உடையும் சாதாரணம். யாரோ ஏழை என்று நினைத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். சட்டைப் பையில் ஒரு டாக்டரின் விலாசம் இருந்தது. டாக்டர் வந்து இன்னார் என்று சொன்ன பிறகு, உள்பையைப் பார்த்தால் தங்க நாணயங்கள். ஓட்டலுக்குத் தூக்கிப் போனார்கள். மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 68. உடலை ஏதென்சுக்குக் கொண்டு வந்து, நகரத்தைப் பார்த்த உயரமான ஓர் இடத்தில் கோயில் மாதிரி சமாதி கட்டினார்கள்.

1893-ல் டோர்ப்ஃபெல்ட் டிராய்க்குத் திரும்பினார். சோபியா பணம் கொடுத்தார். ஷ்லீமன் கை வைக்காத மேட்டின் ஓரங்களில் ஆறாம் அடுக்கின் மதில் எழுந்து வந்தது. நன்றாகச் செதுக்கிய கல், உள்பக்கம் சாய்ந்த கட்டுமானம், காவல் கோபுரங்கள், வாசல்கள். அந்த மதிலைத் துருக்கிக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். மேட்டின் நடுவே பிளந்து கிடக்கும் ஷ்லீமன் பள்ளத்தையும் மூடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.